பள்ளிக்கரணையில் ஓர் எற்பாடு: குருகு கற்பித்த பாடம்

முன்னுரை

சங்க இலக்கியம் பயிற்றும் வகுப்பறைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர் ஒன்று உண்டு. பாடலில் பறவையின் பெயரோ மரத்தின் பெயரோ வருமாயின், ஆசிரியர் கரும்பலகையில் அதற்குப் பொருள் எழுதுவார்: குருகு - ஒருவகைப் பறவை, அன்றில் - ஒருவகைப் பறவை, ஞாழல் - ஒருவகை மரம். மாணவர் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். தேர்விலும் அவ்வாறே விடையளிப்பர். உரிய மதிப்பெண்ணும் பெறுவர். நாமும் அவ்வாறு கற்றவர்களே. பல ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தவர்களும் ஆவோம்.

தொல்காப்பியர் வகுத்த கருப்பொருள்களுள் தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளும் ஒன்று. பாடலின் அழகுக்காகப் பின்னர் ஒட்டப்பட்ட பொருளன்று அது. நிலத்தை இன்ன நிலம் என்று காட்டும் அடையாளம். அத்தகைய பொருளை ‘ஒருவகைப் பறவை’ என்று சொல்லிக் கடந்து செல்வது, ஊரின் பெயரை ‘ஒருவகை ஊர்’ என்று சொல்வதனோடு ஒக்கும். இக்குறையை உணர்ந்து, சென்ற ஐப்பசித் திங்களில் ஒருநாள் பிற்பகல், இளங்கலைத் தமிழ் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திற்குச் சென்றோம். அங்கே கண்டவற்றையும் அவற்றால் தெளிந்தவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொழுதும் இடமும்

ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. கதிரவன் மேற்கே சாயும் பிற்பகல் என்று அதற்குப் பொருள் கொள்வர். பறவை காண்போர்க்கும் இப்பொழுது ஏற்றதே. நண்பகல் வெயிலில் ஒடுங்கியிருந்த பறவைகள் வெயில் தணிந்ததும் மீண்டும் இரைதேடத் தொடங்குகின்றன. கதிரவன் நம் முதுகுப்புறம் இருக்குமாறு நின்றால் அவற்றின் நிறம் தெளிவாகத் தெரிகிறது. முற்பகல் முழுவதும் பெய்த மழை விட்டிருந்தது. வானம் கழுவி வைத்தது போலிருந்தது.

பள்ளிக்கரணை நாட்டுப்புறத்து ஏரியன்று. மாநகரின் நடுவே எஞ்சி நிற்கும் நீர்நிலம். இத்தகைய நிலத்தைக் கழுவெளி என்பது பழைய வழக்கு. ஒருபுறம் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட கணிப்பொறி நிறுவனக் கட்டடங்கள். மறுபுறம் பெருங்குடியின் குப்பை மேடு. ஊடே துரைப்பாக்கம் - பல்லாவரம் நெடுஞ்சாலை. அச்சாலையின் ஓரமாக 2021 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சூழலியல் பூங்காவின் நடைபாதையில் நாம் நின்றோம். பேருந்தின் ஒலிப்பான் ஒரு காதிலும் தாழைக்கோழியின் குரல் மறு காதிலும் விழுந்தன. சங்கப் புலவர் கண்ட நெய்தலும் மருதமும் மாநகர நடுவில் இவ்வாறு தஞ்சம் புகுந்திருக்கின்றன என்பதே மாணவர்க்கு முதல் வியப்பாயிற்று.

கண் பழகுதல்

எம்மிடம் இருந்தவை இரண்டு பைனாகுலர்களும் ஆளுக்கொரு குறிப்பேடும் மட்டுமே. முதல் கால் மணி நேரத்தில் கண்ட பறவைகளை எழுதுமாறு மாணவரிடம் கூறினோம். எழுதியவற்றை வாங்கிப் பார்த்தபோது பெரும்பாலான ஏடுகளில் இரண்டே பெயர்கள் இருந்தன. வெண்மையாக நின்றவை அனைத்தும் கொக்கு. கருமையாக நீந்தியவை அனைத்தும் வாத்து. இதில் மாணவரை நோவதற்கில்லை. கண் பார்த்தது, ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.

எனவே, இலக்கணம் கற்பிக்கும் முறையிலேயே பறவை காணுதலையும் கற்பிக்க முற்பட்டோம். பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பிரிப்பது போலப் பறவையையும் உறுப்புறுப்பாகப் பிரித்துக் காண வேண்டும். முதலில் அளவு, அடுத்து அலகின் வடிவம், பின்னர்க் காலின் நீளமும் நிறமும், அதன்பின் நிற்குமிடம், இறுதியாகச் செயல். இவ்வைந்தையும் எழுதிய பின்னரே பெயரைத் தேட வேண்டும் என்று விதித்தோம்.

இம்முறையில் நோக்கியதும் காட்சி மாறிவிட்டது. கூட்டமாக நின்ற பெரிய பறவைகளின் அலகு மஞ்சள் நிறமாய் இருந்தது. முதுகின் பின்புறத்தில் இளஞ்சிவப்பு இறகுகள் தென்பட்டன. அவை மஞ்சள்மூக்கு நாரைகள். நீருக்குள் அலகைச் சற்றே திறந்து வைத்து அசைத்தவாறு அவை மெல்ல நடந்தன. கலங்கிய நீரில் கண்ணால் மீனைக் காண இயலாது. மீன் அலகில் பட்ட கணமே அலகு மூடிக்கொள்கிறது. அருகே நின்ற நத்தைகுத்தி நாரையின் அலகுகளோ மூடிய நிலையிலும் முழுதும் பொருந்தாமல் நடுவில் இடைவெளி விட்டிருந்தன. அது குறையன்று, நத்தையைப் பற்றி ஓட்டிலிருந்து சதையை எடுப்பதற்கென்றே அமைந்த கருவி. நடுநீரில் கூழைக்கடாக்கள் தொண்டைப் பையோடு மிதந்தன. ஆழம் மிக்க இடத்தில் வாத்துகள், முழங்கால் அளவு நீரில் நாரைகள், சேற்றின் விளிம்பில் பவளக்கால் உள்ளான்கள், அல்லி இலைகளின்மேல் நீண்ட விரல்களையுடைய இலைக்கோழிகள் என ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் நின்றது. ஒரே நீர்நிலை இத்தனை உயிர்க்கும் போதுமானதாய் இருப்பதன் காரணம், அலகும் காலும் வேறுவேறாய் அமைந்து, ஒன்றன் உணவை மற்றொன்று பெரிதும் பறிக்காமையே ஆகும்.

குருகு என்னும் சான்று

நடைபாதையை ஒட்டிய சிறு வாய்க்காலின் அருகே நாம் பத்து நிமிடமேனும் நின்று பேசிக்கொண்டிருந்திருப்போம். அங்குப் பறவை எதுவும் இல்லை என்றே அனைவரும் கருதினோம். மாணவி ஒருவர் எழுதுகோலைத் தவறவிட்டு அதனை எடுக்கக் குனிந்தபோது, எமக்கு ஆறடித் தொலைவில் சேற்றோடு சேறாக இருந்த ஒன்று திடீரென்று பறந்தது. இருந்தபோது மண்ணிறமாய்த் தோன்றியது, பறந்தபோது இரு சிறகும் தூவெள்ளையாய் விரிந்தது. அப்பால் சென்று அமர்ந்ததும் வெண்மை மறைந்து மீண்டும் மண்ணாயிற்று. அதுவே குளத்துக் கொக்கு.

அவ்வழியே வந்த முதியவர் ஒருவர் எம் ஆரவாரத்தைக் கண்டு சிரித்து, “அது மடையான்” என்றார். “மடையிலே நிக்கும், அதனாலே மடையான். நாள் முழுக்க நின்னாலும் அசையாது. தண்ணி ஓடுற வாய்தான் அதுக்கு இடம்” என்று விளக்கமும் தந்தார். அகராதியில் நாம் பார்த்திருந்த சொல் அது. அதன் உருவத்தை அன்றுதான் கண்டோம்.

அப்போது குறுந்தொகையின் இருபத்தைந்தாம் பாடல் எம் நினைவுக்கு வந்தது. தலைவன் களவில் தன்னை மணந்தபோது அங்கு வேறு எவரும் இல்லை. அவன் பொய்த்தால் தான் என்செய்வது என்று தலைவி வருந்துவதாகக் கபிலர் பாடியது அது. அவ்விடத்தில் இருந்தது ஒரு குருகு மட்டுமே. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனையே நோக்கி நின்றது என்கிறாள் தலைவி. அக்குருகின் காலைத் தினையின் தாளுக்கு ஒப்பிட்டு, சிறியது என்றும் பசுமையானது என்றும் புலவர் கூறுகிறார். உவமையின் நயத்தைப் பாராட்டுவதோடு நாம் வகுப்பில் நின்றுவிடுவது வழக்கம்.

பைனாகுலரை மாணவரிடம் கொடுத்து, எதிரே நின்ற கொக்குகளின் கால்களை மட்டும் நோக்குமாறு கூறினோம். சின்னக் கொக்கின் கால் கருமை; விரல்கள் மட்டும் மஞ்சள். பெரிய கொக்கின் காலும் கருமையே. மடையானின் காலோ மங்கிய பசுமை. “ஐயா, தினைத்தாள்!” என்று மாணவர் ஒருவர் உரக்கக் கூறினார். உவமையை மனப்பாடம் செய்திருந்த மாணவர் அதனைக் கண்ணால் கண்டுகொண்ட பொழுது அது.

கபிலர் பாடிய குருகு மடையானே என்று நாம் அறுதியிட்டு உரைக்கவில்லை. குருகு என்னும் சொல் பல நீர்ப்பறவைகளுக்குப் பொதுவாக வழங்கியது. உரையாளர் நாரை என்றும் கொள்வர். ஆயினும் காலின் பசுமை, ஓடுநீரின் கரையில் அசையாது நிற்றல், மீனன்றிப் பிறிதொன்றை நோக்காமை ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தி வருகின்றன. அவற்றினும் மேலாக ஒன்றுண்டு. பத்து நிமிடம் எம்மருகே இருந்தும் எம் கண்ணில் படாத பறவை அது. தலைவி சுட்டும் சான்று எத்தகையது? இருந்தும் இல்லாதது போன்றது. கண் இருந்தும் காணாதது. வழக்கிற்கு அழைத்தால் வந்து நில்லாதது. தலைவியின் தனிமை எத்துணைப் பெரிது என்பதை உரைநூல்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று அந்த வாய்க்கால் கரையில்தான் அதனை முழுமையாக உணர்ந்தோம்.

அன்றிலும் ஐயமும்

சேற்றின் விளிம்பில் கரிய பறவைகள் சில வளைந்த நீண்ட அலகால் துழாவிக்கொண்டிருந்தன. சாய்ந்த வெயில் பட்டபோது அவற்றின் சிறகில் செம்பும் பசுமையும் கலந்து மின்னின. இவற்றைச் சின்ன அரிவாள்மூக்கன் என்பர். அலகின் வளைவைக் கண்ட மாணவர் ஒருவர், “இதுவே அன்றில்” என்று துணிந்து கூறினார். அரிவாள்மூக்கன் இனத்தையே அன்றில் எனக் கொள்ளும் வழக்கு இன்று பறவை நூல்களிலும் உண்டு.

இவ்விடத்தில் ஆய்வு முறை ஒன்றை வலியுறுத்த வேண்டியதாயிற்று. ஓர் அடையாளம் பொருந்தினால் மட்டும் போதாது. நூல் கூறும் அடையாளங்கள் அனைத்தும் பொருந்துகின்றனவா என்று காண வேண்டும். குறுந்தொகையின் நூற்று அறுபதாம் பாடல் அன்றிலின் அலகை இறாலின் வளைவோடு ஒப்பிடுவதோடு, அதன் தலையின் செந்நிறத்தையும் குறிக்கிறது. பெண்ணை எனப்படும் பனைமரத்தில் அது தங்குவதையும் இணையை நீங்காமையையும் சங்கப் பாடல்கள் பல கூறும். எம்முன் நின்ற பறவைக்கு அலகு பொருந்தியது, செந்தலை இல்லை. தலையின் உச்சியில் செந்நிறம் கொண்ட கரிய அரிவாள்மூக்கன் வேறொன்று உண்டு. அது வயல்வெளிகளிலும் மேட்டு நிலங்களிலும் பெரும்பாலும் இணையாகத் திரிவது, பனை உள்ளிட்ட உயர்ந்த மரங்களில் கூடு கட்டுவது, உரத்த குரலுடையது. அன்றிலுக்குரிய அடையாளங்கள் அதற்கே மிகுதியும் பொருந்துகின்றன என்று கூறியபோது, துணிந்து சொன்ன மாணவர் தம் ஏட்டில் எழுதியிருந்த ‘அன்றில்’ என்னும் சொல்லை அடித்துவிட்டு, அருகே ஒரு வினாக்குறி இட்டார். அன்று எழுதப்பட்ட குறிப்புகளுள் அவ்வினாக்குறியையே நாம் சிறந்ததாகக் கருதுகிறோம். ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ எழுதிய பி.எல். சாமி போன்றோர் பாடலையும் பறவையையும் ஒருங்கு வைத்து ஆராய்ந்து சென்ற வழியும் இதுவேயாகும்.

வலசையும் செங்கால் நாரையும்

நடுநீரில் சிறு வாத்துகள் கூட்டமாய் மிதந்தன. நீலச்சிறகி என்னும் அவ்வாத்து தமிழகத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதில்லை. ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் கோடையில் இனம்பெருக்கி, அங்குக் குளிர் மிகுந்து நீர்நிலைகள் உறையத் தொடங்கும் முன்னரே தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. நமக்கு மழையைத் தரும் கூதிர்காலமே அதற்கு வழிப்பயணம் முடியும் காலம். மாசி, பங்குனியில் மீண்டும் வடக்கே ஏகும். இவ்வாறு ஆண்டுதோறும் சென்று மீள்வதனை வலசை என்பர்.

இதனைக் கேட்ட மாணவர், சத்திமுற்றப் புலவரின் செங்கால் நாரைப் பாடலை நினைவுபடுத்தினர். மதுரையில் குளிரால் நடுங்கிக் கிடந்த அப்புலவர், தம் மனைவிக்கு நாரையிடம் தூது சொல்லியது தமிழறிந்தார் அனைவரும் அறிந்ததே. அங்கும் உற்றுநோக்கல் இருக்கிறது. நாரையின் கால் சிவப்பு, அலகு பவள நிறம், பிளந்த பனங்கிழங்கின் வடிவம், இணையாகச் செல்வது, தென்குமரியில் படிந்தபின் வடக்கே திரும்புவது. எம்முன் நின்ற மஞ்சள்மூக்கு நாரைக்கு அலகின் நிறம் பொருந்தவில்லை. அலகும் காலும் சிவந்து, வடபுலத்திலிருந்து வலசை வரும் வெண்ணாரையே அது என்பது பறவை அறிந்தோர் பலரின் கருத்து. பறவைகள் தெற்கே வருவதை எவரும் காணலாம். அவை மீண்டும் வடக்கே செல்லும் என்பதை ஆண்டு முழுதும் நோக்கியவரே அறிவர். அந்த அறிவு இருந்தமையால்தான் புலவர்க்குத் தூது அனுப்ப ஆள் கிடைத்தது.

பெயர் கேட்ட சிறுவன்

இந்தியப் பறவையியலின் வரலாறும் ஒரு பெயரைக் கேட்டதிலிருந்தே ஒரு திருப்பம் பெற்றது. 1896 ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த சாலிம் அலி, பெற்றோரை இளமையிலேயே இழந்து மாமனின் இல்லத்தில் வளர்ந்தவர். ஏறத்தாழப் பத்து வயதில் தாம் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு, அது என்ன பறவை என்று மாமனிடம் வினவினார். மாமன் அறியவில்லை. ‘ஏதோ ஒருவகைச் சிட்டு’ என்று அவர் சொல்லியிருந்தால் செய்தி அங்கேயே முடிந்திருக்கும். அவ்வாறு கூறாமல், சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். அங்கே பறவையின் பெயர் கிடைத்தது. சிறுவனுக்கு வாழ்நாள் பணியும் கிடைத்தது.

பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவர் 1941 இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றளவும் பதிப்புகள் கண்டு வருகிறது. 1976 இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர் 1987 இல் மறைந்தார். அவர் பெயரால் 1990 இல் கோயம்புத்தூரில் பறவையியல் ஆய்வு மையம் ஒன்றும் நிறுவப்பட்டது. இத்தனைக்கும் வித்தாய் அமைந்தவை இரண்டு: பெயர் கேட்ட சிறுவனின் ஆர்வம், தெரியாது என்று ஒப்புக்கொண்டு வழிகாட்டிய பெரியவரின் நேர்மை. ஆசிரியராகிய எம்மை இவ்விரண்டாவது செய்தியே மிகுதியும் சிந்திக்கச் செய்தது.

நிலம் சுருங்கின் சொல்லும் சுருங்கும்

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. குடியிருப்புகளும் நிறுவனங்களும் சாலைகளும் குப்பைக் கிடங்கும் வந்து சேர, சதுப்பு பெரிதும் சுருங்கிவிட்டது. 2007 ஆம் ஆண்டில் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022 ஆம் ஆண்டில் 1,247.54 ஹெக்டேர் பரப்பு பன்னாட்டு முதன்மை வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பெற்றது.

இது பறவைகளின் நலம் மட்டும் பற்றிய செய்தியன்று. தென்சென்னையில் ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழைநீர் ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து இந்நிலத்தை வந்தடைகிறது. வந்த நீரை இது தாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியே கடலுக்கும் சிறிது சிறிதாக விடுகிறது. தாங்கும் இடம் குறைந்தால் நீர் வீடுகளைத் தேடி வரும். 2015 திசம்பர் வெள்ளத்திலும் 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இச்சுற்றுப்புறம் பட்ட துன்பத்தை நாடறியும். எம்முடன் வந்த மாணவர்களுள் ஒருவர் வேளச்சேரியைச் சேர்ந்தவர். 2015 இல் தம் குடும்பம் இரண்டு இரவுகளை மொட்டைமாடியில் கழித்ததை அவர் கூறினார். “இத்தனை நாளும் இதை வெறும் பொட்டல் என்றே எண்ணியிருந்தேன். எங்கள் வீட்டுக்குள் வந்தது இங்கே நிற்க வேண்டிய தண்ணீர் என்பது இன்றுதான் தெரிகிறது” என்று அவர் சொன்னபோது எவரும் மறுமொழி கூறவில்லை.

நீர்நிலையைப் பறவைக்காகக் காத்தால் அது மக்களையும் காக்கும் என்பதற்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. வேடந்தாங்கல் மக்கள் தம் ஏரியில் பறவைகளைச் சுடுவதைத் தடுக்கும் உறுதிச்சீட்டை 1798 ஆம் ஆண்டிலேயே அன்றைய ஆங்கிலேய ஆட்சியரிடம் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் தம் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். அவர்கள் நூலைக் கற்று அதனை அறியவில்லை. நிலத்தை நோக்கி அறிந்தனர்.

தமிழ் பயில்வோர்க்கு இதில் மற்றொரு கவலையும் உண்டு. மடை தூர்ந்தால் மடையான் நிற்க இடமில்லை. மடையான் இல்லையேல் அப்பெயரைச் சொல்ல முதியவர் ஒருவர் இருக்கமாட்டார். அதன்பின் தினைத்தாள் போன்ற பசுங்காலை எந்த மாணவர்க்கும் காட்ட இயலாது. அப்போது ‘ஒருவகைப் பறவை’ என்பது சோம்பலால் எழுதிய உரையாக இராது; வேறு வழியின்றி எழுதும் உரையாகிவிடும். ஏடுகளைக் கறையானிடமிருந்து மீட்டுத் தந்த சான்றோர்க்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவ்வேடுகள் சுட்டும் பொருள்களைக் காப்பதும் அக்கடமையின் ஒரு பகுதியே ஆகும்.

முடிவுரை

கதிரவன் மறையும் வேளையில் கொக்குகளும் நீர்க்காகங்களும் வரிசை வரிசையாய்ச் சேக்கை நோக்கிப் பறந்தன. மாணவரின் ஏடுகளில் அப்போது முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. சிலவற்றின் அருகே வினாக்குறிகளும் இருந்தன. அன்றைய பிற்பகலில் நாம் புதிய கண்டுபிடிப்பு எதனையும் செய்துவிடவில்லை. முன்பே கற்ற இரண்டு மூன்று பாடல்களை மீண்டும் கற்றோம், அவ்வளவே.

இதனைச் செய்யப் பெருஞ்செலவோ நெடும்பயணமோ வேண்டா. இக்கட்டுரையைப் படிக்கும் மாணவர் ஒவ்வொருவரின் ஊரிலும் ஒரு குளமோ வாய்க்காலோ கடற்கரையோ உண்டு. ஒரு பிற்பகல் அங்கே அமைதியாக நின்று, அளவு, அலகு, கால், இடம், செயல் என்னும் ஐந்தையும் எழுதுங்கள். பின்னர் வீட்டிலுள்ள மூத்தோரிடம் அப்பறவையை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தனர் என்று கேளுங்கள். அச்சொற்கள் பல எந்த அகராதியிலும் ஏறாமல் அவர்கள் நாவில் மட்டும் வாழ்கின்றன. பெரியோர்களும் பொறுமையோடு அவற்றைச் சொல்லித்தர வேண்டுகிறோம்.

மறுநாள் வகுப்பில் குறுந்தொகை நடத்த நேர்ந்தது. குருகு என்று எழுதி, பழக்கத்தால் ‘ஒருவகை’ என்பது வரை எழுதிய கை நின்றது. அதனை அழித்துவிட்டு, முந்தைய நாள் வந்த மாணவரை நோக்கி, “நீங்களே சொல்லுங்கள்” என்றோம். அவர்கள் அளவிலிருந்து தொடங்கினர்.